நல்லதுக்கா, கெட்டதுக்கா?

அந்தச் சத்தமா தம்பி? அது ஒண்ணுமில்ல. எங்க குடியிருப்புல மனநலம் பொங்கி வழியுது, அந்தச் சத்தம்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இப்படித்தான். ஜன்னலைச் சாத்தினா பாதி குறையும். மீதிப் பாதியை வாடகையோட சேத்து அனுபவிச்சுக்க வேண்டியதுதான்.

உக்காருங்க, உக்காருங்க. வீட்டு ஓனர் மேடவாக்கம் சிக்னலுக்கு வந்துட்டேன்னு சொன்னார் இல்ல? அப்ப நிறைய நேரம் இருக்கு. நான்தான் சங்கச் செயலாளர், தணிகாசலம். சாவி என்கிட்ட இருக்கும், வாடகை பேசறது அவர் பாடு. முன்னாடியெல்லாம் என்கிட்ட சாவி மட்டும் இல்ல, அதிகாரமும் இருந்துச்சு. இப்ப சாவி மட்டும்தான்.

அப்புறம் ஒண்ணு. வர்ற வியாழக்கிழமை என்னைத் தேடாதீங்க. ஆஸ்பத்திரி வேலை இருக்கு. என் சம்சாரத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன். சின்னதுதான். சாவி வேணும்னா வாட்ச்மேன்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க.

வாசல்ல பேரு பாத்தீங்களா, குயில்தோட்டம்னு? குயிலும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஆனா அமைதி இருந்துச்சு தம்பி. அது நான் கொடுத்த அமைதி. நான் கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்தவன். ஜட்ஜ் நாற்காலிக்குக் கீழ உக்காந்துகிட்டு 'சைலன்ஸ்'னு நான் ஒரு குரல் கொடுத்தா, தாலியறுத்துட்டு வழக்குக்கு வந்தவகூட விசும்பலை முழுங்கிடுவா. அந்தக் குரலோடதான் ரிட்டையர் ஆகி இங்க வந்தேன். வந்த புதுசுல இங்க ஒரே சந்தைக்கடை. மிக்சி, நாற்காலி இழுக்கறது, பையனுங்க பந்து அடிக்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சர்க்குலர் போட்டேன். அடுத்த வருஷமே இந்த இடம் லைப்ரரி மாதிரி ஆயிடுச்சு. வெளியில இருந்து வர்றவங்க, "இங்க ஆள் குடியிருக்காங்களா"ன்னு கேப்பாங்க. பெருமையா இருக்கும்.

எல்லாம் தவசிமுத்து போற வரைக்கும்தான்.

நீங்க பாக்க வந்திருக்கிற இந்த வீட்டுக்கு எதிர் வீடு அவங்களோடது. மெயின் ரோட்டுல மளிகைக் கடை வச்சிருந்தார். தூத்துக்குடிப் பக்கம். பையன் கனடாவுல. அவர் சம்சாரம் பேரு சேர்மக்கனி. அந்தம்மாவும் கடையிலதான் இருப்பாங்க. ரெண்டு பேரும் கடையில பேசிப் பேசி, வீட்டுலயும் அதே குரல்லதான் பேசுவாங்க. அரைக் கிலோ உளுந்து கேக்கற குரல்லதான் அவர் ஒரு தம்ளர் தண்ணி கேப்பார். அதுக்குத் தனியா ஒரு சர்க்குலர் போட்டேன். பேரு குறிப்பிடலை. நாகரிகம் வேணுமில்ல?

ஒருநாள் காலையில டீ தம்ளரைக் கையில வச்சுகிட்டே மனுஷன் சாஞ்சுட்டார். டாக்டர் வந்தார், முடிஞ்சு போச்சுன்னுட்டார்.

பாவம்தான். ஆனா அவர் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்க. அன்னிக்குத்தான் சி பிளாக்குல கிரகப்பிரவேசம். முன் கேட்டுல வாழைமரம் கட்டியாச்சு, ஷாமியானா போட்டாச்சு, ஸ்பீக்கர்ல நாதஸ்வரம். வடை வாசனை நாலாவது மாடி வரைக்கும் வருது. ஒரு பக்கம் மங்கலம், ஒரு பக்கம் இது. வேற செயலாளரா இருந்தா திணறியிருப்பான். நான் திணறலை. ஐஸ் பெட்டி வரவேண்டாம்னுட்டேன். ஆம்புலன்சை நேரா பின் கேட்டுக்கு வரச் சொன்னேன். குப்பை வண்டி வர்ற வழி, ஆள் நடமாட்டம் இருக்காது. சாமான் ஏத்தற லிஃப்ட்ல இறக்கினோம். கனடாப் பையன் போன்ல, "நீங்களே பாத்துப் பண்ணிடுங்க அங்கிள்"னான். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க ரயில்ல ஏறிட்டாங்களாம். ரயிலுக்காக ஒரு குடியிருப்பே காத்திருக்க முடியுமா? மத்தியானத்துக்குள்ள மின்மயானத்துல எல்லாம் முடிஞ்சுது. சி பிளாக்குல பந்தியில உக்காந்திருந்த ஒருத்தனுக்குக்கூடத் தெரியாது தம்பி. ஒருத்தனுக்குக்கூட. இதை ஏதாவது காலேஜுல பாடமா வைக்கணும்.

அந்தம்மா ரெண்டே விஷயம்தான் பண்ணாங்க. ஒண்ணு, "மோளத்துக்குச் சொல்லலியா?"ன்னு கேட்டாங்க. "அம்மா, இங்க அதுக்கெல்லாம் அனுமதி கிடையாது, படிச்சவங்க இருக்கிற இடம்"னு பக்குவமாச் சொன்னேன். ரெண்டாவது, லிஃப்ட் கதவு மூடும்போது வாயைத் திறந்தாங்க. பெருசா ஒரு சத்தம் கிளம்பப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோர்ட்டுல பாத்த அனுபவம். நான் குனிஞ்சு, "அம்மா, மெதுவா, பக்கத்துல விசேஷம்"னேன். அவ்வளவுதான். திறந்த வாயை அப்படியே மூடிக்கிட்டாங்க. என்ன ஒரு கட்டுப்பாடு! சங்கத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன், "கத்துக்கணும்யா அந்தம்மாகிட்ட"ன்னு.

அன்னிக்குச் சாயங்காலம் சி பிளாக்குல இருந்து பாயசம் கொடுத்து விட்டாங்க. என் சம்சாரம் மரகதம் தொடவே இல்ல. அவ பங்கையும் நான்தான் குடிச்சேன். குடிச்சுகிட்டு இருக்கும்போது கேக்கறா, "நான் போனாலும் பின் கேட்டுதானா?"

கேள்வியைப் பாருங்க. நான் ஆறுதலாத்தான் சொன்னேன். "சே சே, உனக்கு இன்னும் நல்லாப் பண்ணுவேன். பத்து மணிக்குள்ள முடிச்சிடுவேன்"னேன்.

அன்னியில இருந்து அவளுக்குப் பல்வலி. என்கிட்டப் பேசும்போது மட்டும் வலிக்கும். காய்கறிக்காரன்கிட்ட, தங்கச்சிகிட்ட, டிவிகிட்டகூட நல்லாப் பேசுவா. நான் ஏதாவது கேட்டா கன்னத்துல கையை வச்சுக்குவா. பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னேன். "அவர் என்ன பண்ணுவார்"னா.

சரி, அது வீட்டு விஷயம். அந்தம்மா விஷயத்துக்கு வரேன்.

அந்தம்மா அதுக்கப்புறம் பேசலை தம்பி. யாருகிட்டயும். கட்டுப்பாடுன்னு நான் சொன்னது நிஜம்தான், ஆனா இவ்வளவு வேண்டாம். காலையில எழுந்து ரெண்டு பேருக்குச் சமைப்பாங்க. டிபன் பாக்ஸைக் கட்டி வாசல்ல வைப்பாங்க, கடைக்குக் கொண்டு போற மாதிரி. அது சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கும். எறும்புக்குச் சாப்பாடு. ஆள் வத்திப் போயிட்டாங்க. வளையல் முழங்கைக்கு ஏறுது. பையன் கனடாவுல இருந்து பேசினான், "முதியோர் ஹோம் ஒண்ணுல சேத்துடலாம்னு இருக்கேன் அங்கிள், நல்லாப் பாத்துக்குவாங்க"ன்னு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கும்பிடற கை அனுப்பினாங்க. அழுவுற மூஞ்சி அனுப்பினாங்க. கதவைத் தட்டி ஒரு வாய் சோறு ஊட்டினது மரகதம்தான். என்கிட்டச் சொல்லாமப் போவா. பல்வலி.

அப்பத்தான் ஏ பிளாக்குல ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, குரூப்ல ஒரு யோசனை போட்டா. மேளம் அடிச்சு மனசைக் குணப்படுத்தற வைத்தியமாம். அவங்க கம்பெனியில பண்ணாங்களாம், எல்லாரும் குணமாயிட்டாங்களாம். குணமாகி என்ன ஆனாங்கன்னு கேட்டேன், பாதிப் பேரு வேலையை விட்டுட்டாங்கன்னா. சரி, நல்ல வைத்தியம்தான் போலன்னு ஒத்துக்கிட்டேன். சத்தம் வருமேன்னு எனக்கு உறுத்தல். ஆனா வைத்தியம்னு வந்துட்டா அது சத்தம் இல்லயாம், தெரபியாம்.

பெங்களூருல இருந்து ஒரு பையன் வந்தான், ஷ்ரவண்னு. குடுமி, கழுத்துல ருத்ராட்சக் கொட்டை, கால்ல செருப்பில்ல. வேன்ல ஆப்பிரிக்கா மேளமா வந்து இறங்குச்சு. ஆட்டுக்கல்லை நிமித்தி வச்ச மாதிரி இருக்கும். கிளப் ஹவுஸ்ல வட்டமா உக்கார வச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தான். "கண்ணை மூடுங்க, உங்களுக்குள்ள இருக்கற நதியைக் கேளுங்க"ன்னான். எனக்குள்ள சர்க்கரைதான் இருக்கு, நதி எங்க இருக்கு? ஆனாலும் எல்லாரும் கண்ணை மூடிகிட்டு டொப்பு டொப்புன்னு தட்டினாங்க. தப்பாத் தட்டினாலும் தப்பில்லன்னான். அது நல்ல தொழில் தம்பி. தப்பே இல்லன்னு சொல்லிட்டா வாத்தியாருக்கு வேலையே இல்ல பாருங்க.

சேர்மக்கனி அம்மாவை மரகதம்தான் கைப்பிடிச்சுக் கூட்டி வந்தா. அந்தம்மா மேளத்தை மடியில வச்சுகிட்டாங்க. தட்டவே இல்ல. யாரோ பாத்துக்கச் சொல்லி வச்சுட்டுப் போன சாமானை வச்சிருக்கிற மாதிரி, ரெண்டு கையையும் அது மேல வச்சு உக்காந்திருந்தாங்க. போகும்போது ஷ்ரவண் என்கிட்ட, "அவங்ககிட்ட ஒரு அடைப்பு இருக்கு"ன்னான். அதைச் சொல்ல பெங்களூருல இருந்து வரணுமா?

இருந்தாலும் ஜனங்களுக்கு ருசி வந்துடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வேணும்னாங்க. ஷ்ரவணைக் கேட்டா, அவனுக்கு ஏதோ கம்பெனியில நதி ஓடுதாம், வர முடியாதாம். குரூப்ல எல்லாரும் என்னைப் பிடிச்சுகிட்டாங்க. "செயலாளர் சார் ஏதாவது பண்ணுங்க." மேளம்தானே? மெட்ராஸ்ல மேளத்துக்குப் பஞ்சமா? நம்ம தெரு முனையில கடைச் சுவத்துல போன் நம்பர் எழுதியிருக்கு, 'எல்லப்பன் மேள செட்'னு. அடிச்சேன்.

எடுத்ததும் முதல் கேள்வி, "இன்னா சார், நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

கேட்டீங்களா? வணக்கம் இல்ல, யாருன்னு விசாரிக்கலை. நல்லதுக்கா, கெட்டதுக்கா. அவங்களுக்கு உலகத்துல ரெண்டே விஷயம். நான் படிச்சவன், விளக்கமாச் சொன்னேன். "ரெண்டும் இல்லப்பா. இங்க தவசிமுத்துன்னு ஒருத்தர் தவறிட்டார். அவரோட சம்சாரம் மனசு விட்டுப் போயிட்டாங்க. அழவும் இல்ல, பேசவும் இல்ல. அவங்களுக்காகத்தான். எல்லாரும் கூடி உக்காந்து கேப்போம்"னேன்.

அந்தப் பக்கம் இருந்து, "புரிஞ்சுது சார். அன்னிக்கு மோளம் வைக்கலியா?"ன்னான்.

"வைக்கலைப்பா, அனுமதி இல்ல."

"சரி சார். பெரியவரு படம் ஒண்ணு மாலை போட்டு வைங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

பண்பான ஆளா இருக்கானேன்னு நெனச்சேன். ஒரு எச்சரிக்கையும் பண்ணேன். "இதபாருப்பா, அழுமூஞ்சித்தனமா இருக்கக் கூடாது. உற்சாகமா அடிக்கணும்"னேன். "கவலையே படாத சார், தெருவே ஆடும்"னான்.

இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க? நான் கோர்ட்டுல இருந்தவன், ஒரு வார்த்தை பொய் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. தப்பு, சட்டி மேளம், பெரிய டிரம். கார் நிறுத்தற இடத்துல ஜமக்காளம் விரிச்சிருந்தோம். தவசிமுத்து படத்தை ஒரு நாற்காலியில மாலையோட வச்சிருந்தோம். வந்ததும் எல்லப்பன் படத்துக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டான். அப்புறம் "பேப்பர் இருக்குதா சார், தோலைக் காய்ச்சணும்"னான். தப்பை நெருப்புல காட்டினாத்தான் விறைப்பா நின்னு பேசுமாம். நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள மரகதம் வீட்டுக்குப் போயி ஒரு கட்டுக் காகிதம் கொண்டாந்து கொடுத்துட்டா. என்னன்னு பாத்தா, என்னோட சர்க்குலர் கட்டு. மிச்சம் இருந்த பிரதி அத்தனையும். பத்திகிட்டு எரியுது. மிக்சி, நாற்காலி, பந்து, உரக்கப் பேசாமை. எல்லாம் புகையாப் போச்சு.

நம்ம ஜனங்க, ஷ்ரவண் சொல்லிக் கொடுத்த மாதிரி, சம்மணம் போட்டுக் கண்ணை மூடிகிட்டு மூச்சை உள்ள இழுத்துகிட்டு உக்காந்திருக்காங்க. நதி வரும்னு.

எல்லப்பன் குச்சியைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்க.

சாவு மேளம்!

தம்பி, அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு அந்த அடி எதுக்குன்னு தெரியும். எத்தனை பெரிய கம்பெனியில வேலை பாத்தாலும் தெரியும். மூடின கண்ணெல்லாம் ஒரே சமயத்துல திறந்துச்சு. ஒரு மூலையில யாரோ "ஐயய்யோ"ன்னாங்க. கிரகப்பிரவேசம் முடிஞ்ச வீட்டுக்காரம்மா புள்ளையைத் தூக்கிகிட்டு லிஃப்டுக்கு ஓடறாங்க. நான் எழுந்து நின்னேன். கையைத் தூக்கினேன். 'சைலன்ஸ்'னேன். என் வாழ்க்கையில முதல் தடவையா என் குரல் எனக்கே கேக்கலை. இன்னொரு தடவை கத்தினேன். எல்லப்பன் என்னைப் பாத்து, நான் உற்சாகப்படுத்தறேன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு பங்கு வேகம் வச்சான்.

அப்பத்தான் சேர்மக்கனி அம்மா எழுந்தாங்க.

மெதுவாத்தான் நடந்தாங்க. படத்துக்கு முன்னாடி போய் நின்னாங்க. முடியை அவுத்து விட்டாங்க. கையை ஓங்கி நெஞ்சுல ஒரு அடி. அன்னிக்கு லிஃப்டுகிட்ட மூடின வாய் இருக்கு பாருங்க, அது திறந்துச்சு.

"கல்லாவப் பூட்டிட்டுக் கண்மறைஞ்சு போனீயளே... சாவி வச்ச எடத்தச் சொல்லாமப் போனீயளே... வாச வழி இருக்கையில கொல்ல வழி போனீயளே... நான் வாயப் பொத்தி நின்னேனே, உங்கள வழியனுப்ப மாட்டாம..."

அப்படியே பாட்டா வருது. மேளம் ஒரு வரிக்கு நிக்குது, அந்தம்மா பாடினதும் திரும்ப எடுக்குது. ஒத்திகை பாத்த மாதிரி. கொல்லை வழின்னதும் நாலு பேரு என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். நான் அன்னிக்கு நிலவரத்துக்கு ஏத்த மாதிரி செஞ்சேன்.

முதல்ல ஓடினது யாருங்கறீங்க? மரகதம்தான். போய் அந்தம்மா தோள்ல கையைப் போட்டு, கட்டிப் பிடிச்சுகிட்டு இவளும் அழறா. பின்னாடியே இன்னும் நாலு பொம்பளைங்க. ஏ பிளாக் கம்ப்யூட்டர் பொண்ணு இருக்காளே, அவ அப்பா கொரோனா சமயத்துல போனவர். மூஞ்சியைக்கூடக் காட்டாம பையில கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அந்தப் பொண்ணு தரையில உக்காந்து "அப்பா, அப்பா"ன்னு அலறுது. நதி நதின்னாங்களே, அன்னிக்குத்தான் தம்பி ஓடுச்சு. எங்க கார் பார்க்கிங் முழுக்க.

கிரகப்பிரவேசம் பண்ணின மனுஷர் இருக்காரே, அவர் என்கிட்ட வந்து, "சார், எந்தத் தேதியில போனாரு?"ன்னார். சொன்னேன். மனுஷர் மூஞ்சி விழுந்து போச்சு. "நான் அன்னிக்கு அவருக்குச் சாப்பாடு கொடுத்து விட்டேனே சார், கதவு பூட்டியிருந்துச்சுன்னு திரும்பி வந்துடுச்சே"ன்னார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிகிட்டு மேளத்துக்கு முன்னாடி போய் ஆட ஆரம்பிச்சுட்டார். பேங்க் மேனேஜர் தம்பி அவர். விசிலடிக்கிறார். அழுதுகிட்டே விசிலடிக்க முடியும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

கடைசியில படத்தைத் தூக்கிகிட்டு ஊர்வலமாப் போனாங்க. எந்த வழியா? முன் கேட்டு வழியாத்தான். வாட்ச்மேன் ரெண்டு கதவையும் விரியத் திறந்து விட்டான். யாரைக் கேட்டுத் திறந்தேன்னு அப்புறம் கேட்டேன். "அம்மா சொன்னாங்க சார்"னான். எந்த அம்மான்னு நான் கேக்கலை.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு சேர்மக்கனி அம்மா எல்லப்பன் கோஷ்டியை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்க. "சாப்பிட்டியளா, இன்னுங் கொஞ்சம் ரசம் விட்டுக்கிடுங்க"ன்னு அதே பழைய கடைக்குரல். நாலாவது மாடிக்குக் கேக்குது. அவங்களும் கூட உக்காந்து சாப்பிட்டாங்களாம். காப்பி எங்க வீட்டு எவர்சில்வர் தம்ளர்லதான் போச்சு. பேப்பர் கப்பு வாங்கி வச்சிருந்தேன், மரகதம் எடுக்கவே இல்ல. எதுக்கு வாங்கினீங்கன்னு ஒரு பார்வை மட்டும் பாத்தா. அடுத்த வாரம் கனடாப் பையன் ஹோம் பத்திப் பேசினானாம். "நீ போய்ச் சேந்துக்கோலே"ன்னு போனை வச்சுட்டாங்களாம் அந்தம்மா. இப்பக் கடையைத் திறந்துட்டாங்க. உங்களுக்கும் மளிகை அங்கதான். கடன் கேக்காதீங்க, சத்தம் போடுவாங்க.

சரி, அந்தம்மா குணமாயிட்டாங்க. சந்தோஷம். அத்தோட விட வேண்டியதுதானே? விடலியே! சாவு மேளம் அடிச்ச இடத்தைச் சுத்தப்படுத்த ஒரு ஹோமம் வைக்கணும்னு நான் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். கூட்டத்துல அதுக்குக் கை தூக்கினது நான் ஒருத்தன். அதுக்குப் பதிலா, எல்லப்பனை ஞாயித்துக்கிழமைதோறும் கூப்பிட்டு எல்லாரும் தப்பு கத்துக்கணும்னு ஒரு தீர்மானம். நிறைவேறிடுச்சு. இப்ப நீங்க கேக்கறது அதுதான். பேங்க் மேனேஜர், கம்ப்யூட்டர் பொண்ணு, சேர்மக்கனி அம்மா, எல்லாரும் அடிக்கிறாங்க. எல்லப்பன்கிட்ட தப்பா அடிச்சா தப்புதான். சத்தம் போடுவான். ஆப்பிரிக்கா மேளம் மாதிரி இல்ல.

மரகதமும் அடிக்கிறா. இந்த வயசுல. இடுப்புல முந்தானையைச் செருகிகிட்டு. நான் மேல இருந்து பாப்பேன், சங்கத்து வேலையாத்தான். அவளோட கடைசி அடி எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் விழும். இப்பக்கூடக் கேளுங்க. டக... டக... தோ, இப்ப விழுந்துச்சு பாருங்க, அது அவதான். எத்தனை பேரு சேந்து அடிச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.

என் விரலா? அது ஒண்ணுமில்ல தம்பி, நரம்புத் தளர்ச்சி. இந்தச் சத்தம் வந்தா தானா மேசையில தட்டும். டாக்டர்கிட்டக் கேக்கணும்.

போன மாசம்தான் அவளுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சுது. டாக்டர், "எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்"னார். டாக்டருங்க அப்படித்தான், எதையும் நேராச் சொல்ல மாட்டாங்க. சின்னதுதான். ஆட்டோவுல திரும்பி வரும்போது அவ கன்னத்துல கையை வச்சுகிட்டா. பல்வலிதானேன்னு விட்டுட்டேன்.

முந்தாநாள் என்ன பண்ணியிருக்கா தெரியுமா? எல்லப்பனுக்கு அவளே சொல்லி வச்சிருக்கா. அவன் வழக்கம் போல, "நல்லதுக்காம்மா, கெட்டதுக்காம்மா?"ன்னு கேட்டிருக்கான். "எதுவா இருந்தாலும் வந்துடு. நான் எழுந்து திரும்பி வந்தா கேட்டுல இருந்து வீடு வரைக்கும் அடி. இல்லேன்னா வீட்டுல இருந்து கேட்டு வரைக்கும் அடி. முன் கேட்டு"ன்னாளாம். எல்லப்பன் வந்து என்கிட்டச் சொல்றான். செயலாளர் இல்லையா, அனுமதி வாங்கணுமாம்.

நான் நேரா அவகிட்டயே கேட்டேன். "என்ன மரகதம் இது, அபசகுனமா?"ன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் கன்னத்துல கை வைக்காம என் மூஞ்சியைப் பாத்துப் பேசினா. "மேளத்துக்கு ஆள் சொல்லிட்டேன். அழறதுக்குத்தான் யாரு இருக்காங்கன்னு தெரியல"ன்னா.

ஏன், நான் இல்லயா? கேக்க வேண்டியதுதானே, கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவ குக்கரைப் பாக்கப் போயிட்டா.

நேத்திக்கு நானே எல்லப்பனுக்குப் போன் பண்ணினேன் தம்பி. இதோ, இந்த வீட்டுல நின்னுகிட்டுதான். வீடு காலியா இருந்துச்சு, நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒட்டடை அடிக்கலாம்னு வந்தேன். எடுத்ததும் அவன் அதே கேள்வி. நான்தான் பேசறேன்னு தெரியும், எதுக்குன்னும் தெரியும், அப்பவும் அதே கேள்வி. "இன்னா சார், நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"நல்லதுக்குய்யா"ன்னேன். "நல்லதுக்குதான். நல்லதுக்குன்னே வச்சுக்க. கேட்டுல இருந்து வீடு வரைக்கும். நான் முன்னாடி நிக்கறேன்"னேன்.

அந்தப் பக்கத்துல இருந்து, "சார்? சார்? இருக்கியா சார்? அழாத சார்"ங்கறான். அவனுக்குச் சரியா விளங்கலை. அதையும் சொல்லிடறேன் தம்பி, வாடகைக்கு வரப்போறவர் நீங்க, நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்த வீட்டுக்குள்ள போன் சிக்னல் சரியா கிடைக்காது. குரல் விட்டு விட்டுத்தான் போகும். பால்கனிப் பக்கம் போய்த்தான் பேசணும்.